கவுன்சிலரிடம் கொடுத்த போலீஸ் புகார் எங்கே போகிறது?

போன மாதம் ஓர் அம்மா வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்து, இப்போது டவுன் பக்கம் தாமான் குடியிருப்பில் இருப்பவர். மகனுடைய மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலிலேயே களவு போய் மூன்று மாதம், நிலையத்தில் கேட்டால் "விசாரணை நடக்குது ஆண்ட்டி" என்பதோடு சரி. கிளினிக் மருந்துப் பையிலிருந்து நாலாக மடித்த போலீஸ் ரிப்போர்ட்டை எடுத்தார், கூடவே கவுன்சிலர் கொடுத்த கடிதம். மூன்று முறை அவரிடம் நடந்திருக்கிறார்.

கவுன்சிலர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கையில் இருப்பது சாக்கடை, குப்பை, தெரு விளக்கு, கடை லைசென்ஸ். இங்கே மலேசியாவில் ஊராட்சி (நகர, மாவட்ட மன்றங்கள்) மாநிலத்தின் கீழ், போலீஸ் கூட்டரசின் (மத்திய அரசின்) கீழ். போலீஸ்காரர்களின் ஒழுங்கு நடவடிக்கை அரசியலமைப்பின் 140ஆவது பிரிவின்படி போலீஸ் படை ஆணையத்தின் வேலை. நம் ஊர் நிலையத்தைக் கேள்வி கேட்க மாவட்ட மன்றத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அந்தக் கவுன்சிலரும் நம் ஓட்டில் வந்தவரா என்ன? 1965-இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், 1976 ஊராட்சிச் சட்டத்தோடு அது போயே போய்விட்டது. ஊருக்கு ஒரு வாய் இருக்க வேண்டும், அந்தத் தேர்தல் திரும்ப வர வேண்டும் என்பது என் எண்ணம், ஆனால் அதுவரை களவு போன வண்டி காத்திருக்காதே.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து (திருட்டு அப்படித்தான்), ரிப்போர்ட் செய்து நான்கு வாரம் கடந்துவிட்டால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நிலையத் தலைவரிடம் நீங்களே கேட்கலாம், அவர் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் பப்ளிக் பிராசிகியூட்டருக்கு (அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு) எழுதலாம்.

போலீஸ்காரர் நடந்துகொண்ட விதமே குறை என்றால் அது வேறு வழி. 2023 ஜூலையிலிருந்து ஐபிசிசி என்ற, போலீஸ்காரர்களின் நடத்தை பற்றிய புகார்களுக்கான ஆணையம் இயங்குகிறது. விசாரிக்கும், தண்டிக்காது, முடிவை போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பும். 2005-இல் அரச விசாரணை ஆணையம் கேட்டது இதைவிடப் பல் உள்ள ஒன்றை. இருந்தாலும் புகார் போடுங்கள், பெயர், நாள், நேரம், ரிப்போர்ட் எண்ணோடு. லஞ்சம் கேட்டார்கள் என்றால் நேரே ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம்.

அந்த அம்மாவுக்கு 107ஏ-யைச் சொல்லி, நிலையத் தலைவருக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நகலில் நிலையத்தின் சாப் (முத்திரை) அடித்து வாங்காமல் வராதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். ஒன்பதாவது நாள் விசாரணை அதிகாரியே கூப்பிட்டார். வண்டி இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் எந்தக் கேமரா பார்த்தார்கள், யாரை விசாரித்தார்கள் என்றாவது தெரிந்தது. நன்றி சொல்ல வந்தவர், முச்சந்தி விளக்கு எரியவில்லை, அதற்கும் ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

அதற்குக் கவுன்சிலரிடம் போங்கள் அம்மா என்றேன்.