கழற்றிய புரொஜெக்டரும் காணாமல் போன விண்டோவும்

திருகோணமலை உவர்மலையில் கணிதம் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் போன கிழமை கேட்டார்: "தம்பி, ரியூசன் வகுப்பில் புரொஜெக்டர் போட்டு வரவுப் பதிவுச் செயலியைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து திறந்தால் டாஸ்க்பாரில் இருக்குது, மவுஸை மேலே கொண்டுபோனால் சின்னப் படம்கூட வருது, ஆனால் திரையில் ஒன்றுமே இல்லை. கடையில் வைரஸ் என்று சொல்லி போர்மட் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கவா?"

அடிக்க வேண்டாம் ரீச்சர். ஆல்ட்டும் டாப்பும் அழுத்தி அந்தச் செயலியைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு ஆல்ட்டும் ஸ்பேஸும், அப்புறம் எம். ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை அசைத்தால், பெரும்பாலும் விண்டோ கேர்சரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

சரி, அது எங்கே போயிருந்தது?

விண்டோஸ் இயங்குதளம் இணைத்திருக்கிற எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே வரைபுத்தாளாகத்தான் பார்க்கிறது. பிரதான திரையின் இடது மேல் மூலை (0, 0). வலப்பக்கம் போகப் போக x கூடும், கீழே போகப் போக y கூடும். லாப்டொப் திரை 1366 புள்ளி அகலம் என்றால், அதன் வலப்பக்கம் நீட்டிய புரொஜெக்டர் x = 1366இல் தொடங்கும். செயலி அங்கே 1500இல் நின்றது, ரீச்சர் அப்படியே மூடினார், செயலியும் "1500" என்று ஒரு கோப்பில் குறித்துவைத்தது. வீட்டில் திறந்தபோது அந்த 1500க்கே போய் நின்றது, அங்கேதான் இப்போது திரை இல்லையே. விண்டோ திறந்திருக்கும்போதே வயரைக் கழற்றியிருந்தால் விண்டோஸ் பொதுவாக அதை மிஞ்சிய திரைக்கு இழுத்துவந்திருக்கும். சின்னப் படம் ஏன் தெரிந்தது என்றால், 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஒவ்வொரு விண்டோவும் நேரே திரையில் வரையாமல் நினைவகத்தில் தனக்கென்று உள்ள இடத்தில் வரைகிறது, பிறகு இன்னொரு நிரல் அவற்றை அடுக்கித் திரைக்கு அனுப்புகிறது. திரைக்கு வெளியே நின்றாலும் படம் நினைவகத்தில் பத்திரமாக இருக்கும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விண்டோவைச் சுருக்கினால் அது எங்கே போகிறது? விண்டோஸ் 95க்கு முன்பு சுருக்கிய விண்டோ ஒரு ஐகனாகத் திரையின் அடியில் வந்து உட்காரும். டாஸ்க்பார் வந்த பிறகு அதற்குத் திரையில் இடமே தேவையில்லை. ஆனாலும் அது உயிரோடு இருக்கிற விண்டோ, உயிரோடு இருந்தால் ஆள்கூறு ஒன்று இருந்தாக வேண்டும். ஆகவே இயங்குதளம் அதை (-32000, -32000) என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 16 பிட்டில் எழுதக்கூடிய மிகச் சிறிய முழு எண் -32768, அதற்குக் கொஞ்சம் மேலே. அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்குப் போட்டால் உங்கள் மேசையிலிருந்து இடப்பக்கம் எட்டரை மீற்றர், அங்கிருந்து மேலே எட்டரை மீற்றர். பக்கத்து வீட்டு ஓட்டுக்கும் மேலே! இனி, சுருக்கிய நிலையிலேயே டாஸ்க்பாரில் வலக்கிளிக் செய்து மூடுகிறோம் என்று வையுங்கள். செயலி மூடும் முன் "நான் எங்கே நிற்கிறேன்?" என்று கேட்கும், "-32000" என்று உண்மையான பதில் வரும், அதையும் எழுதிவைக்கும், மறுநாள் நேரே அங்கேயே போய்த் திறக்கும். என் சொந்தச் செயலி ஒன்றில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு போனது. கேட்கவேண்டிய கேள்வி "சுருக்காத நிலையில் என் இடம் எது?" என்பது. அதற்குத் தனியாக ஒரு கட்டளை விண்டோஸில் இருக்கிறது, ஒரே நிரலைப் பல இயங்குதளங்களுக்கு எழுத உதவும் எலெக்ட்ரான் என்ற கருவியிலும் இருக்கிறது.

இதைப் பார்க்காமலே வைரஸ் என்பவருக்கும், காய்ச்சல்காரரைப் பார்க்காமலே செய்வினை என்பவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் காசும் போகிறது, போர்மட் அடித்தால் ரீச்சரின் வினாத்தாள்களும் போகும்.

ஒரே நிரலை எல்லா இயங்குதளத்துக்கும் எழுதும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. மக் கணினியில் தொடக்கப்புள்ளி இடது கீழ் மூலை, y மேல்நோக்கிக் கூடும், பாடசாலை வரைபு மாதிரி. எலெக்ட்ரான், கியூட்டி (Qt) போன்ற கருவிகள் இதை மாற்றித் தந்துவிடும், நீங்களே மாற்றினால் திரையின் உயரத்திலிருந்து y-ஐ மட்டுமல்ல, விண்டோவின் உயரத்தையும் கழிக்க வேண்டும். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்ட 2008இல் தொடங்கிய வேலேண்ட் என்ற முறையில் கதையே வேறு. அங்கே செயலிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது, இடத்தைத் தெரிவுசெய்யவும் முடியாது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் தான் நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாது, காட்டிய இடத்தில்தான் போட வேண்டும், அப்படித்தான். இது எனக்குச் சரியான ஏற்பாடாகவே படுகிறது. ஆனால் அதற்காக விண்டோஸுக்கு எழுதும்போது, சேமித்த இடத்தில் இப்போது திரை இருக்கிறதா என்ற சோதனையை விட்டுவிட முடியாது.

நம் பாடசாலைக் கணினிக் கூடங்களுக்குக் காசு ஒதுக்குபவர்கள் என்னைக் கேட்டால், புதிய கணினி ஒன்றைக் குறைத்து, பழைய மொனிட்டர் நாலைந்து வாங்கச் சொல்வேன். இரண்டாவது திரையைச் செருகி, கழற்றி, இடப்பக்கம் மாற்றி வைத்துப் பார்க்காத பிள்ளைக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. இடப்பக்கம் வைத்தால் x கழித்தல் எண்ணாகிவிடும், அது பிழையல்ல. "x பூச்சியத்துக்குக் கீழ் என்றால் தவறு" என்று எழுதிய நிரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செயலியைத் திறக்கும்போது நிரலில் செய்யவேண்டியது இது: இப்போது இணைந்துள்ள திரைகளின் பட்டியலை வாங்கி, சேமித்த இடத்தில் விண்டோ பிடிக்கும் செவ்வகம் அவற்றில் ஏதாவது ஒன்றோடு வெட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பிரதான திரையின் நடுவில் வையுங்கள். முழுச் செவ்வகத்தையும் பார்த்தால் போதாது, தலைப்புப் பட்டை வெட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோவின் கீழ்ப்பாதி தெரிந்து மேல்பாதி வெளியே நின்றால், மவுஸால் பிடித்து இழுக்க அங்கே ஒன்றும் இருக்காது.