பள்ளிக்கரணையை மீட்கும் வேலை தெருவில்தான் தொடங்குகிறது

மழைநீர் வடிகால் வடிவமைப்பு என் தொழில். தென்சென்னையில் வேளச்சேரி, நாராயணபுரம், கீழ்க்கட்டளை என்று எந்தப் பகுதிக்கு வரைபடம் போட்டாலும், நீரோட்டக் கோடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தான் போய்ச் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழி, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், பிறகு கடல். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்த வழி திணறியதை இங்கே வசிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2022-இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது பெரிய வெற்றி. ஆனால் எல்லைக்கல் நட்டுவிட்டால் சதுப்பு நிலம் பிழைத்துவிடாது. அதைக் கெடுப்பது எல்லைக்கு வெளியிலிருந்து வரும் தண்ணீர். ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர் சேரும். மண் தரையாக இருந்தவரை அதில் ஒரு பகுதியாவது தங்கித் தங்கிப் போயிற்று. சிமென்ட் பூசிய பிறகு எல்லாமே ஒரே நேரத்தில் வடிகாலுக்குப் பாய்கிறது. சாலை எண்ணெய், மணல், பிளாஸ்டிக் அத்தனையையும் இழுத்துக்கொண்டு போகிறது. மழையில்லாத மாதங்களில் அதே வடிகாலில் திருட்டு இணைப்புகளின் கழிவுநீர் ஓடுகிறது. ஆகாயத்தாமரை அடர்வதற்கு இதைவிட நல்ல உரம் வேண்டாம்.

பசுமை வடிகால் என்று நாங்கள் சொல்வது இந்த ஓட்டத்தைத் தாமதப்படுத்தி வடிகட்டும் ஏற்பாடு: சாலையோரம் ஆழமில்லாத புல் வாய்க்கால், பூங்காவில் மழைநீர் தேங்கும் பள்ளம், சதுப்பில் கலப்பதற்குமுன் வண்டலும் குப்பையும் தங்கிவிடும் படிவுக்குட்டை, அதையடுத்து கோரையும் சம்பும் வளரும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. படிவுக்குட்டைக்கு வண்டி இறங்க வழி விடாமல் கட்டினால், இரண்டு மழைக்காலத்தில் அது மேடாகிவிடும். தூர்வாரும் செலவை முதல் நாளே மதிப்பீட்டில் எழுத வேண்டும்.

மண்ணைப் பார்க்காமல் ஒரே வரைபடத்தை ஊர் முழுக்கப் போடுவதுதான் எனக்கு ஆற்றாமை தரும் விஷயம். திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் கடற்கரை மணல். தண்ணீரை நிலத்துக்குள் இறக்கிவிடலாம். சதுப்பைச் சுற்றியுள்ள களிமண்ணில் அது நடக்காது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீரே தரையை ஒட்டி நிற்கும். அங்கே உறிஞ்சு கிணறு தோண்டுவது பணத்தைப் புதைப்பதற்குச் சமம். நீரைச் சில மணி நேரம் தேக்கி, அளவோடு வெளியேற்றும் இடம்தான் தேவை.

சதுப்பு நிலத்தை ஆழமாகத் தோண்டி ஏரியாக்கிவிடலாம் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. வேண்டவே வேண்டாம். கோடையில் வற்றி, மழையில் விரிவதுதான் அதன் இயல்பு. ஆழமற்ற தண்ணீரில் இரை தேடும் பூநாரைக்கும் உள்ளானுக்கும் ஆழமான ஏரியால் பயனில்லை. வெள்ளத்தை வாங்கிக்கொள்ளவும் மழைக்காலத் தொடக்கத்தில் அதில் காலி இடம் இருக்க வேண்டும். ஒக்கியம் மடுவு அடைபட்டிருந்தால், மேலே நாங்கள் செய்யும் எந்த வேலையும் கரைக்குடியிருப்புகளைக் காப்பாற்றாது.

உங்கள் தெருவில் வடிகால் போட வந்தால் வார்டு பொறியாளரிடம் இவற்றைக் கேளுங்கள்: இந்தத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது? விழும் இடத்தின் மட்டம் அளக்கப்பட்டதா? வழியில் வண்டல் தங்க இடம் விட்டிருக்கிறீர்களா? அதை யார், எந்த மாதத்தில் தூர்வாருவார்கள்? வரைபடத்தைக் காட்டச் சொல்லிப் பதில் வாங்குங்கள்.