ஊசித்துளை வழியே ஒரு மேசை

கோப்பையும் தட்டும் பீங்கானில் செய்வது எல்லோருக்கும் தெரியும். மேசையும் செய்தார்கள். பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற ஊரின் அரசுத் தொழிற்சாலையில் 18-ஆம் நூற்றாண்டில் பூப்போட்ட பீங்கான் பலகைகள் செய்தார்கள். பாரிஸ் தச்சர்கள் அவற்றை எழுதுமேசையின் இழுப்பறை முகப்பில் பதித்தார்கள். நெப்போலியன் வந்த பிறகு ஆசை பெரிதானது. அவர் 1806-இல் செய்யச் சொன்ன மேசைகளில் ஒன்று முடிய 1812 ஆனது. அதன் மேற்பரப்பு சுமார் ஒரு மீட்டர் அகலம். நடுவில் மாவீரன் அலெக்சாந்தரின் தலை, சுற்றிலும் பழங்காலத் தளபதிகள் 12 பேர்.

ஆறு வருஷ வேலை காகிதத்தில்தான் தொடங்கியிருக்கும். ஆனால் பீங்கானுக்கு வரைவது சுவருக்கோ துணிக்கோ வரைவது போன்றதல்ல. நடுவில் சூளை நிற்கிறது.

முதல் தொல்லை அளவு. கயோலின் என்ற வெண்களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்களின் பொடிகளைச் சேர்த்துப் பிசைந்த மண்தான் கடினப் பீங்கான். சுமார் 1,400 டிகிரி செல்சியஸில் ஃபெல்ட்ஸ்பார் உருகி, மண்துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை நிரப்புகிறது. பலகை இறுகிச் சுருங்குகிறது, நீளவாக்கில் 15 சதவீதம் வரைகூட. கடைசியில் 100 செ.மீ. வேண்டுமென்றால் பச்சை மண்ணில் கிட்டத்தட்ட 118 செ.மீ. வார்க்க வேண்டும். அதனால் அச்சு செய்பவருக்குப் பெரிய அளவு, ஓவியருக்கு உண்மை அளவு என்று ஒரே மேசைக்கு இரண்டு கணக்கு ஓடும். ஓவியருக்கு மட்டும் ஏன் உண்மை அளவு? அவர் கைக்கு வரும்போது பலகை பெரிய சூளையைத் தாண்டி, சுருங்கி முடித்து, பளபளவென்று இருக்கும்.

இன்னொரு தொல்லை வளைவு. அந்தச் சூட்டில் பீங்கான் கொஞ்சம் இளகும். கிண்ணத்துக்கு அதன் வடிவமே பலம். தட்டைப் பலகைக்கு அப்படி ஒன்றும் இல்லை, தொய்ந்துவிடும். எனவே பெரிய பரப்பைத் துண்டுகளாகப் பிரிப்பது வழக்கம். பிரிக்கும் இடத்தில் பொன்முலாம் பூசிய வெண்கலச் சட்டம் வரும். பார்ப்பவருக்கு அது ஆடம்பரம். அதன் உதடு பலகையின் ஓரத்தைச் சற்றே மூடிக்கொள்வதால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் வெளியே தெரியாது. படம் வரைபவர் எந்த இடம் சட்டத்துக்குள் போகும் என்று முன்கூட்டியே பார்த்து, முகத்தையோ கையையோ அங்கே கொண்டுபோகாமல் இருக்க வேண்டும்.

சரி, காகிதத்தில் உள்ள கோடு வழுக்கும் பீங்கானில் எப்படி ஏறும்? படத்தை மெல்லிய தாளில் நகலெடுத்து, கோடு போகும் வழியெல்லாம் ஊசியால் நெருக்கமாகக் குத்துவார்கள். தாளைப் பலகைமேல் வைத்து, கரித்தூள் கட்டிய சின்னத் துணிமூட்டையால் மெல்லத் தட்டுவார்கள். தூள் துளை வழியே இறங்கும். தாளை எடுத்தால் புள்ளி புள்ளியாகப் படம் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு தூரிகை ஓடும். அப்புறம் அந்தக் கரி? அது வெறும் கார்பன்தானே, சூளையில் எரிந்து வாயுவாகப் போய்விடும். தன் தடயத்தைத் தானே அழித்துக்கொள்ளும் பென்சில்! எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான்.

நிறத்தின் கதை வேறு. காகிதப் படத்தில் இளஞ்சிவப்பு இளஞ்சிவப்பாகவே இருக்கும். பீங்கான் ஓவியரின் தட்டில் இருப்பதோ உலோகச் சேர்மங்களின் பொடி. உருகிக் கண்ணாடியாகும் பொருளோடு கலந்து எண்ணெயில் குழைத்தது. நீலம் தரும் கோபால்ட் ஆக்சைடு சுடுவதற்கு முன் கறுப்பு. இளஞ்சிவப்பைத் தருவது தங்கம். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகக் கண்ணாடியில் கலந்து அந்த நிறத்தைக் காட்டுகிறது. ஆகவே ஓவியர் கண்முன் இருப்பதை நம்பி வரைய முடியாது. ஒவ்வொரு நிறத்தையும் சிறு பலகையில் தீட்டிச் சுட்டு வைத்துக்கொண்டு, காகிதப் படத்தின் நிறத்தை அதோடு ஒப்பிட வேண்டும்.

தங்க இளஞ்சிவப்புக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. நிறம் சுடும் சிறு சூளை 800 டிகிரியை ஒட்டியது. அந்நாளில் அந்தச் சூட்டை அளக்க நல்ல கருவி இல்லை. பீங்கான் துண்டில் அந்த நிறத்தைத் தீட்டி உள்ளே வைத்து, அவ்வப்போது வெளியே இழுத்துப் பார்ப்பார்கள். செங்கல் நிறமாக இருந்தால் சூடு போதாது. நல்ல ரோஜா என்றால் சரி. ஊதா தட்டினால் காரியம் கெட்டது. நிறமே வெப்பமானி.

இந்த வேலையெல்லாம் நடந்த காலத்தில் செவ்ர் தொழிற்சாலையை நடத்தியவர் அலெக்சாந்தர் ப்ரோங்நியார். 1800 முதல் 1847 வரை அவர்தான் தலைமை. நிலவியலாளர், பாரிஸைச் சுற்றிய பாறை அடுக்குகளை விலங்கியலாளர் கூவியேவோடு சேர்ந்து ஆராய்ந்தவர். கயோலின் இல்லாமல் செய்த பழைய மென்பீங்கானை அவர் நிறுத்தினார். அதன் ஈயப் பூச்சு சின்னச் சூளையிலேயே இளகும், நிறம் உள்ளே இறங்கிக் கோடு மிருதுவாகும். பூங்கொத்துக்கு அது அழகு. கடினப் பீங்கானின் பூச்சு 800 டிகிரிக்கு அசையாது. நிறம் மேலேயே உட்கார்ந்திருக்கும், கண்ணிமை முடிவரை தீட்டலாம். மென்பீங்கானின் அந்த நெகிழ்வு போனது எனக்கு நஷ்டமாகத்தான் படுகிறது. ஆனால் தளபதிகளின் முகங்கள் அவ்வளவு கூர்மையாக வந்ததற்கு இதுதான் காரணம்.

அந்தத் தலைகளைத் தீட்டியவர் லூயி-பெர்த்தான் பரான். நிற அடுக்குகள் கொண்ட கல்லில் செதுக்கிய பழங்காலப் புடைப்புச் சிற்பம் மாதிரியே வரைந்தார், தொட்டுப் பார்த்தால்தான் வழவழப்புத் தெரியும். மேசை நெப்போலியனிடம் தங்கவில்லை. 1817-இல் பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி அதை இங்கிலாந்தின் பட்டத்து இளவரசருக்குப் பரிசளித்தார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன அவருக்கு அதில் அப்படியொரு பெருமை. ஓவியர் தாமஸ் லாரன்ஸ் அரச உடையில் அவரை வரைந்த படத்தில் மேசையும் பக்கத்திலேயே நிற்கிறது: கல் போல நடிக்கும் பீங்கானை லாரன்ஸ் எண்ணெய் வண்ணத்தில் வரைய வேண்டியதாயிற்று.