கேள்விக்குப் பின் மூன்று நொடி

"பாடம் முடிந்ததும் எங்கே சறுக்கினேன் என்று தினமும் யோசிக்கிறேன். ஆனாலும் வகுப்பில் மாற்றம் தெரியவில்லையே?" என்று ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்.

தன் பணியைத் தானே அலசிப் பார்க்கும் பழக்கத்தை அமெரிக்கத் தத்துவ அறிஞர்களான ஜான் டூயி 1910-இலும் டொனால்ட் ஷோன் 1983-இலும் விரிவாக எழுதிவிட்டார்கள். சிக்கல் யோசிப்பதில் இல்லை, எதை வைத்து யோசிக்கிறோம் என்பதில் இருக்கிறது. பாடம் நடத்தும்போது அடுத்த வாக்கியம், கரும்பலகை, கடைசி பெஞ்சின் சலசலப்பு எல்லாம் மனத்தை நிரப்பிவிடுகின்றன. மாலையில் மிஞ்சுவது "இன்று நன்றாகப் போனது" என்ற எண்ணம் மட்டுமே.

அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்புகளை ஒலிநாடாவில் பதிந்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரே ஒரு நொடி! உடனே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள், அல்லது வேறொரு மாணவனை எழுப்பினார்கள். நம் வகுப்புகளிலும் இது உண்டு. "ஒளிச்சேர்க்கைக்கு என்ன வேண்டும்? சூரிய…" என்று ஆசிரியர் இழுப்பார்; "ஒளி!" என்று வகுப்பே கத்தும். யாருக்குப் புரிந்தது என்பது மட்டும் தெரியாது.

அந்த ஒரு நொடிக்குள் பிள்ளை கேள்வியைப் புரிந்துகொண்டு, நினைவில் தேடி, சொற்களைக் கோத்து, தைரியத்தையும் வரவழைக்க வேண்டும். மனப்பாடம் செய்த சொல்தான் அதற்குள் வந்து சேரும். ரோவின் ஆய்வில், காத்திருப்பு மூன்று நொடியைத் தாண்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

இதைவிட அழகானது இரண்டாவது இடைவெளி. பிள்ளை பதில் சொல்லி நிறுத்துகிறது. "சரி, குட்" என்று நாம் முந்திக்கொண்டால் சிந்தனை அங்கேயே அறுந்துவிடும். இன்னும் மூன்று நொடி பேசாமல் இருந்தால், "ஏனென்றால்…" என்று அதே பிள்ளை தொடர்கிறது. காரணம் சொல்லும் அறிவியல் அங்கேதான் பிறக்கிறது.

ரோ இன்னொன்றையும் கண்டார். மந்தம் என்று ஆசிரியர்கள் கருதிய பிள்ளைகளுக்குக் கிடைத்த நேரம் மற்றவர்களைவிடக் குறைவு. "இவன் மண்டையில் ஏறாது" என்பது கண்ணேறு போன்ற மூடநம்பிக்கை என்றே நான் சொல்வேன். ஸ்மார்ட் வகுப்பறைக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கையாவது, ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைக் கேட்டுப் பார்ப்பதற்கான நேரத்துக்கு அரசு ஒதுக்க வேண்டும்.

கைபேசியை மேசைமேல் வைத்துப் பத்து நிமிடம் குரலை மட்டும் பதியுங்கள். வீட்டில் கேட்கும்போது நொடிகளை மட்டும் எண்ணுங்கள். உச்சரிப்பு, குரல் எதையும் இப்போது ஆராய வேண்டாம். சில வாரம் கழித்து மறுபடி பதிந்து, எண்ணிய நொடிகளை ஒப்பிடுங்கள். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். அந்தப் பதிவு மேலதிகாரி மதிப்பெண் போடும் கருவியானால், ஆசிரியர் அதற்காகவே பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்.