கைது: இந்தச் சொல்லில் ‘கை’ இல்லை

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். போன மாதம் ஒருநாள் காலை பத்தரை மணிக்கு ஒருவர் தம்பிக்காக வந்து நின்றார். முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு, “வாப்பா, சின்ன விசாரணை” என்று தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். செல்போனை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். கைது என்று காகிதம் எழுதியது இரவு எட்டரைக்கு. மாஜிஸ்திரேட்டிடம் இன்னும் கொண்டுபோகவில்லை.

“கையப் புடிக்கவே இல்ல சார், வெலங்கும் மாட்டல. அப்புறம் இன்னாத்துக்குக் கைதுன்னு எழுதிக்கீறாங்க?” என்றார்.

கையைப் பிடிப்பதால் கைது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். படித்தவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் இது அரபுச் சொல். ‘கைத்’ என்றால் கட்டு, தளை, விலங்கு. குதிரை ஓடிவிடாதபடி காலைப் பிணைக்கும் கயிற்றுக்கும் அரபியில் இதே பெயர்தான். அங்கிருந்து பாரசீகத்துக்குப் போய், உருது வழியாக நம்மிடம் வந்தது. பிணைக்கப்பட்டவன் கைதி.

எங்கள் பக்கத்தில் இது நுழைந்ததில் வியப்பில்லை. இங்கிருந்து பாலாற்றோரமாகக் கிழக்கே போனால் ஆற்காடு. 18-ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுகளுக்குத் தலைநகரம் அதுதான், அவர்கள் தர்பாரில் பாரசீகம்தான் மொழி. வக்கீல், ஜாமீன், ஆஜர், ரத்து, ஜப்தி, மகஜர் என்று இன்றும் கோர்ட்டில் புழங்குகிற பாதிச் சொற்கள் அந்த மாதிரி ஆட்சிகளின் மிச்சம். குமாஸ்தாவும் பாரசீகம்தான், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற வழியில் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. உருது பேசுகிறவர்களுக்கு ‘கைத்’ என்றால் சிறைவாசம். பிடிப்பதற்கு அவர்கள் ‘கிரஃப்தார்’ என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழில் நாம் சிறைவாசச் சொல்லை எடுத்துப் பிடிக்கும் செயலுக்கு வைத்துக்கொண்டோம். ஆங்கிலத்தின் அரெஸ்டுக்கு மூலத்தில் ‘நிறுத்திவைத்தல்’ என்று பொருள். அதிலும் கை கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இதை ஒரே மூச்சில் சொல்ல நான் ஒரு வாரம் பழகினேன்) என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தில் 43-ஆம் பிரிவைப் பாருங்கள். உடலைத் தொட்டோ அடைத்துவைத்தோ கைது செய்ய வேண்டும், ஆனால் ஆள் சொல்லாலோ செயலாலோ பணிந்துவிட்டால் அதுவும் தேவையில்லை. பெண் என்றால் ‘கைது செய்கிறோம்’ என்று வாயால் சொன்னாலே பணிந்ததாகக் கொள்ளலாம், வேறு வழியில்லாத சூழ்நிலை தவிர ஆண் போலீஸ் தொடக்கூடாது. ஆக, கை படாமலே கைது நடக்கும். சொல்லின் பழைய பொருள்தான் இங்கே சரியாக உட்காருகிறது: கால் எப்போது கட்டப்பட்டதோ, அப்போதே தளை.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, கடிகாரக் கணக்கு. அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புப்படி, பிடிபட்டவருக்குக் காரணத்தைச் சீக்கிரம் சொல்ல வேண்டும், விரும்பிய வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்த 24 எப்போது தொடங்குகிறது? 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு அமலாக்கத் துறை வழக்கில், விமான நிலையத்தில் ஆளைத் தங்கள் பிடியில் எடுத்தது காலை 11 மணி, கைதுக் காகிதம் நள்ளிரவு தாண்டி 1.15, கோர்ட்டுக்குக் கொண்டுபோனது விடிந்து பிற்பகல் 3. காகிதக் கணக்கில் பதினாலு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நீதிமன்றம் காலை 11-லிருந்து எண்ணி, கைது செல்லாது என்றது.

கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், பிடிபட்டவரும் கையெழுத்திட வேண்டும் என்பது 1996-இல் டி.கே. பாசு வழக்கில் வந்த கட்டளை. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் பிடித்தே தீர வேண்டும் என்பதில்லை, நோட்டீஸ் கொடுத்தும் வரவழைக்கலாம்.

குண்டாஸ் வேறு கதை. அது தடுப்புக் காவல், இனிமேல் குற்றம் செய்துவிடக்கூடாது என்று முன்கூட்டியே அடைத்துவைப்பது; 24 மணி நேர விதி அதற்குப் பொருந்தாது. ஆனாலும் காரணங்களை ஆளுக்குப் புரிகிற மொழியில் கொடுத்தாக வேண்டும் என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடுப்புக் காவலை எதிர்த்து 1950-இல் சென்னை அரசுமேல் வழக்குப் போட்டுத் தோற்ற கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், 1941-இல் எங்கள் வேலூர் சிறையிலிருந்து தப்பியவர். சட்டத்தில் வழிமுறை என்று ஒன்று இருந்தால் போதும் என்று அன்று சொன்ன நீதிமன்றம், அந்த வழிமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்ல 1978 வரை, மேனகா காந்தி வழக்கு வரை, ஆயிற்று.

சரி, நல்ல தமிழில் என்ன சொல்வது? வாரண்டுக்குப் பிடியாணை அழகாக வேரூன்றிவிட்டது. கைதுக்கு ‘சிறைப்பிடித்தல்’ என்பார்கள். அதில் போர்க்கள வாடை, கோர்ட்டுக்குச் சரிவராது. ‘காவலில் எடுத்தல்’ பிடித்த பிறகான நிலைக்குப் பொருந்தும். என்னைக் கேட்டால் ‘தளைப்படுத்தல்’தான் நேர்ச்சொல். மாட்டுக்கும் தளை, மனிதனுக்கும் தளை, வெண்பாவுக்கும் தளை. வழக்கில் வருமா என்றால், வராது. கைது தமிழாகி வெகுகாலம் ஆயிற்று.

வந்தவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. தம்பியின் செல்போனை வாங்கி வைத்தபோது மணி என்ன என்று மட்டும் திரும்பக் கேட்டேன். மனுவில் ‘நேற்று காலை 9 மணி முதல்’ என்று எழுதினேன்.