ஓப்பன் சோர்ஸ்: திறமூலமா, திறவூற்றா?

தேர்தல் முடிவு வந்ததும் தோற்ற தரப்பிலிருந்து யாராவது ஒருவர் கேட்பார்: "ஓட்டு மெஷினின் சோர்ஸ் கோடை வெளியிடுங்கள்." கூடவே இன்னொருவர், "ஓப்பன் சோர்ஸ் ஆக்கிவிட்டால் சந்தேகமே வராது" என்பார். இருவரும் ஒன்றையே கேட்பதாகத் தோன்றும். ஆனால் கேட்பது வேறு வேறு.

சோர்ஸ் கோடு என்பது நிரலர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு. ஓப்பன் சோர்ஸைத் தமிழில் சிலர் 'திறமூலம்' என்கிறார்கள், சிலர் 'திறவூற்று' என்கிறார்கள். சோர்ஸ் என்ற சொல் 'மேலெழு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நீர் பொங்கி எழும் ஊற்றைத்தான் முதலில் குறித்தது. அந்த வகையில் 'திறவூற்று' என்று எழுதுகிறவர்கள் வேருக்கு நெருக்கமாகவே இருக்கிறார்கள். ஆனால் என் ஓட்டு 'மூலம்' பக்கம். பழைய இலக்கியப் பதிப்புகளின் அட்டையில் 'மூலமும் உரையும்' என்று போடுவார்களே, அந்த மூலம். நிரலுக்கு நடுவே நிரலர் எழுதிவைக்கும் விளக்கக் குறிப்புகளை 'உரை' என்று சொன்னாலும் பொருந்திப்போகும். (மூல நோயை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.) 'திறமூலம்' என்பதைத் திறம் + மூலம் என்றும் பிரிக்க இடமுண்டு. குழம்பும் இடத்தில் 'திறந்த மூலம்' என்று விரித்து எழுதினால் போதும்.

ஓப்பன் சோர்ஸ் என்ற தொடருக்கு வயது அதிகமில்லை. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் என்ற நிறுவனம் தன் இணைய உலாவியின் (பிரவுசர்) நிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நடந்த கூட்டத்தில் கிறிஸ்டின் பீட்டர்சன் என்பவர் இந்தப் பெயரை முன்வைத்தார். அதுவரை புழங்கிய 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்ற பெயரில் ஒரு சிக்கல்: கேட்டவர்கள் இலவசம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் சொன்னதோ சுதந்திரத்தை. தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. ஃப்ரீ சாஃப்ட்வேரை 'கட்டற்ற மென்பொருள்' என்றால் யாரும் விலையைப் பற்றி நினைக்க மாட்டார்கள்.

சரி, 'திறந்த' என்றால் எவ்வளவு திறந்த? எது ஓப்பன் சோர்ஸ் என்று வரையறுக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பின் வரையறையில் 10 நிபந்தனைகள் உண்டு. யாரும் மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம், எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம் என்பவை அவற்றில் அடக்கம். படிக்க மட்டும் அனுமதித்தால் அது திறமூலம் ஆகாது; 'பார்வைக்கு வைத்த மூலம்' என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வாக்களிப்பில் இதற்கு நல்ல உதாரணம் சுவிட்சர்லாந்து. 2019இல் சுவிஸ் அஞ்சல் நிறுவனம் தன் இணைய வாக்களிப்பு நிரலைப் பார்வைக்குத் திறந்தது, அதுவும் பதிவு செய்து நிபந்தனைகளை ஏற்பவர்களுக்கு மட்டும். சாரா ஜேமி லூயிஸ், ஒலிவியே பெரேரா, வனேசா டீக் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். யார் போட்டது என்று தெரியாதபடி வாக்குகளைக் கலைத்துப்போடும் கட்டத்தில், உள்ளே இருக்கும் ஒருவர் வாக்குகளை மாற்றிவிட்டு 'எதுவும் மாறவில்லை' என்று கணிதச் சான்றும் காட்ட முடியும் என்ற நிலை. அந்த மே மாத வாக்கெடுப்பில் அந்த முறையைப் பயன்படுத்தவில்லை. ஆக, பார்வைக்கு வைத்ததற்கே பலன் இருந்தது.

ஆனாலும் 'சந்தேகமே வராது' என்பதை நான் ஏற்கமாட்டேன். வெளியிட்ட நிரல்தான் நம் வாக்குச்சாவடி இயந்திரத்திலும் ஓடுகிறது என்று வரிசையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? பிழையே இல்லாத திறமூலமும் இதற்குப் பதில் சொல்லாது. ரொனால்ட் ரிவெஸ்ட், ஜான் வாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வேறொரு அளவுகோலைத் தந்தார்கள்: மென்பொருளில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்த மாற்றம், தேர்தல் முடிவில் கண்டுபிடிக்கவே முடியாத மாற்றத்தை உண்டாக்கக் கூடாது. 'மென்பொருளை நம்பியிராமை' என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

நம் ஊர் விவிபேட், அதாவது போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி, அந்தத் திசையில் ஓர் அடி. பொத்தானை அழுத்தியதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சிட்ட சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி நிற்கும். அப்புறம் அறுந்து பெட்டிக்குள் விழும். எண்ணும்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து, அவற்றின் சீட்டுகளை இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். 5 போதுமா என்று வாதாடலாம். நிரலை வெளியிட்டாலும் வெளியிடாவிட்டாலும் அந்த வாதம் நடந்தே ஆக வேண்டும்.