சீரியல் மாமியாரும் பீரோ சாவியும்

"எங்க அத்தை சீரியல் மாமியாரையே மிஞ்சிட்டாங்க டாக்டர்!"

முதியோர் மனநலம் பார்க்கும் எனக்கு இந்தப் புகார் பழகிப்போனது. விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதை. பீரோ சாவியைக் காணோம், மருமகள்தான் எடுத்தாள். வளையலைக் காணோம், வேலைக்கு வரும் பெண்தான் திருடினாள். பிறகு சாவி தலையணை உறைக்குள்ளும் வளையல் அரிசி டப்பாவிலும் கிடைக்கும். வைத்தது அவரேதான், வைத்த நினைவு இல்லை. நினைவு விட்ட இடத்தை மனம் 'திருட்டு' என்று நிரப்பிக்கொள்கிறது. மறதிநோயில் நாங்கள் பரவலாகப் பார்க்கும் அறிகுறி இது. வீட்டிலோ இதைச் சூழ்ச்சி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வைத்தியத்துக்கு வரவேண்டிய காலம் சண்டையில் போய்விடுகிறது.

முழுப் பழியையும் டி.வி. மேல் போட மாட்டேன். மாமியார் மருமகள் பூசல் டி.வி. வருவதற்கு முன்பே இருந்ததுதான். ஆனாலும் தினமும் ராத்திரி கண்ணை உருட்டித் திட்டம் போடும் மாமியாரைப் பார்த்துப் பழகிய வீட்டுக்கு நோய் என்ற யோசனை சட்டென்று வராது.

சினிமா அம்மா இதற்கு நேரெதிர். தையல் மிஷின், இருமல், கண்ணீர். அவர் சாப்பாட்டைக் குறைத்தால் தியாகம், பேச்சைக் குறைத்தால் பொறுமை. மனச்சோர்வு என்று யாருக்குத் தோன்றும்? வயதான பெண்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதும் அபூர்வம். கால் குடைச்சல், நெஞ்செரிச்சல், தூக்கமில்லை என்றுதான் வருவார்கள்.

2024-இல் வந்த 'ஜே பேபி' எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். காணாமல்போன அம்மா கொல்கத்தாவில் இருப்பதாகத் தெரிந்து, தங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத மகன்கள் கூட்டிவரப் போகிறார்கள். ஊர்வசியின் பேபியம்மா சிரிக்க வைக்கிறார், எரிச்சலும் மூட்டுகிறார். வில்லியும் இல்லை, தெய்வமும் இல்லை. நான் சந்திக்கும் குடும்பங்கள் படும் பாடு அதில் அப்படியே இருக்கிறது. படம் பார்த்த பிறகுதான் அம்மாவை அழைத்துவரத் தோன்றியது என்று ஒரு மகன் சொன்னார்.

அதற்கு முன்பே 2019-இல் 'சில்லுக்கருப்பட்டி'யில் லீலா சாம்சன், வயதான பெண்ணுக்கும் துணை தேவைப்படும் என்று அலட்டலில்லாமல் காட்டிவிட்டார். 2022-இல் 'வீட்ல விசேஷம்' வளர்ந்த பிள்ளைகளின் தாயைக் கர்ப்பிணியாக்கியது. சீரியல்தான் மெதுவாக நகர்கிறது.

உங்கள் வீட்டில் சாவிப் பிரச்சினை ஆரம்பித்திருந்தால் வாதாடாதீர்கள், கூடவே சேர்ந்து தேடுங்கள். எப்போது தொடங்கியது என்று குறித்துவையுங்கள். தைராய்டு, பி12 பரிசோதனை செய்யுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். காது மந்தமானால் சந்தேகம் கூடும். ஓரிரு நாளிலேயே பேச்சு குழம்பி, பகல் இரவு தெரியாமல் போனால் சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோகூடக் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.